வண்ணம் விலகிய டிராகன்

உம் கொட்டுகிறவர்கள் கொட்டலாம், கொட்டாதவர்கள் வடையைக் கடித்துக்கொண்டே கேட்கலாம். ஒரு காலத்தில், ராஜாக்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து, கேபிள் டிவி வந்து சேர்ந்து, செல்போன் மட்டும் இன்னும் எல்லார் சட்டைப்பையிலும் விழாத ஒரு காலத்தில், மேகம் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டுப் போய்விடுகிற கரிசல் ஊர் ஒன்று இருந்தது. மழை இல்லாத குறைக்கு அங்கே ஈரம் ஆகாத தொழில்களாகப் பார்த்துக் குடியேறிக்கொண்டன. ஒரு தெருவில் தீப்பெட்டி, ஒரு தெருவில் பட்டாசு, மிச்சத் தெருவில் எல்லாம் அச்சாபீஸ்.

அந்த அச்சாபீஸ்களில் ஒன்றில் தாள் மடிக்கிறவள் புஷ்பக்கனி. பேசினால் பக்கத்தில் இருக்கிற ஆளுக்குக் கேட்டாலே அதிகம், அப்படி ஒரு குரல். புருஷன் லாரியோடு வடக்கே போகிறவன், வருகிற நாளில் வருவான். மற்ற நாளெல்லாம் அவளுக்குத் துணை காமிக்ஸ், தலையணை தண்டி மாயாஜால நாவல்கள், அப்புறம் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் டிவியில் வருகிற காமெடி நாடகம். இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், புத்தகம் அச்சாகும்போது பெரிய தாள் ஒன்றில் பதினாறு பக்கத்தை ஒரேயடியாக அடிப்பார்கள், அதற்குப் பாரம் என்று பேர். மடிப்பதற்கு முன்னால் அந்தத் தாளில் முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம் இருக்கும், அதற்கு மேலே எட்டும் ஒன்பதும் தலைகீழாக நிற்கும். புஷ்பக்கனி கதை படித்ததெல்லாம் மடிக்கிற அந்த மேசையில், அந்த வரிசையில்தான். அதனால் அவள் படித்த கதைகளில் முதலில் கல்யாணம் நடக்கும், பிறகு பெண் பார்க்க வருவார்கள். புதையலைத் தோண்டி எடுத்த பிறகு வரைபடம் காணாமல் போகும். துப்பறிகிறவர் கொலைகாரனுக்கு விலங்கு மாட்டிவிட்டு, கொலை எப்போது நடக்கும் என்று டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார். கதை என்றால் இப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள், யாரும் மாற்றிச் சொல்லவும் இல்லை.

அச்சாபீஸில் வேலை பார்க்கிறவர்கள், வண்ணம் விலகி, மை சிந்தி, கழித்துப்போட்ட தாள்களைப் பொறுக்கித் தங்களுக்கென்று ஒரு பிரதி கட்டிக்கொள்வது வழக்கம். மொதலாளிமாரும் கண்டுகொள்வதில்லை. அந்த வருஷம் ஒரு டிராகன் காமிக்ஸ் அச்சாயிற்று. நாலு பாரம். பச்சை உடம்பு, மஞ்சள் வயிறு, கோவில் யானை மாதிரிச் சின்னக் கண்ணு வைத்த அந்த டிராகன் மேல் புஷ்பக்கனிக்கு ஒரு பிரியம் விழுந்துவிட்டது. ஆனால் நாலாவது பாரத்தில் ஓர் இளவரசன் வந்து அதைக் குத்திக் கொன்றுவிடுகிறான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. தனக்கென்று கட்டிய பிரதியில் அந்தக் கடைசிப் பாரத்தை உருவிவிட்டு, பக்கத்து மேசையில் கிடந்த தீபாவளி மலரின் நகைச்சுவைப் பாரத்தைச் செருகி, தைத்து, பசை தடவி, ஓரம் வெட்டி வைத்துவிட்டு, உருவின பாரத்தோடு வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்து பார்த்தால், முற்றத்தில் வெட்டுக்காகிதக் குவியலுக்கு மேலே, கன்றுக்குட்டி உசரத்தில் டிராகன் உட்கார்ந்திருந்தது. முடிவு இல்லாத கதைக்குள் அது எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்கும்? எழுந்து வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மொதலாளி தவசியப்பன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். வண்ணம் விலகிய தாளில் இருந்து வந்ததால் அதன் பச்சை, உடம்பை விட்டு அரை விரல் தள்ளி நின்றது, நாக்கு ஓரிடத்திலும் நாக்கின் சிவப்பு இன்னோரிடத்திலும் ஆடியது. "நம்ம வித்த காப்பில எல்லாம் இது செத்துப்போச்சே" என்றார் அவர் கவலையாக. "இது எந்தக் காப்பி?"

பைண்டிங் செண்பகம்தான் பேச்சை மாற்றினாள். செண்பகம் காலையில் அச்சாபீஸில் மடிப்பாள், சாயங்காலம் முக்கில் வடை போடுவாள், ரெண்டு இடத்திலும் வாய் ஓயாது. "இருக்கட்டும் மொதலாளி. போன வருஷம் காலண்டர்ல பிப்ரவரிக்கு முப்பத்தோரு நாள் அடிச்சு வச்சதுக்கு பார்ட்டி வந்து கத்துனானே, 'மூணு நாள் கூடத்தான குடுத்திருக்கேன், அதுக்குத் தனியாவா காசு கேட்டேன்'னு அனுப்பி வச்சீங்களே. அதே மாதிரி இதையும் சும்மா வந்ததுன்னு வச்சுக்கிடுங்க."

டிராகன் சிரித்தது. சிரித்த வாயில் இருந்து நெருப்பு வந்தது. காமிக்ஸ் நெருப்பு, சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளி புள்ளியாகக் கிளம்பி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் மார்ச்சு வரைக்கும் தின்றுவிட்டு அணைந்தது. டிராகனும் ஒரு சாண் வளர்ந்துவிட்டது.

மற்ற ஊராக இருந்தால் டிராகனைப் பார்த்து ஓடியிருப்பார்கள். இந்த ஊரில் டிராகனை விட்டுவிட்டு நெருப்பைப் பார்த்தார்கள்.

டிராகனைப் பொறுத்தமட்டில் ஊருக்கு ஒரு சங்கடமும் இல்லை. பச்சையாக இருந்ததால் பச்சையப்பன் என்று பேர் வைத்தார்கள். கால்நடை டாக்டர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்து, வயசு நாலு பாரம் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பூசாரி நெற்றியில் திருநீறு பூசினார், அது அரை விரல் தள்ளிக் காற்றில் ஒட்டிக்கொண்டது. என்ன வைத்தாலும் அது தின்னவில்லை, புல்லும் வேண்டாம், கறியும் வேண்டாம். யாராவது ஒரு ஜோக் சொன்னால் மட்டும் கண்ணு மின்னும், சிரிக்கும், வளரும். தின்கிற தீனியே பத்தி எரிகிற தீனியாக இருக்கிற ஒரு பிள்ளையைப் பட்டாசு ஊரில் வைத்து எப்படி வளர்ப்பது?

அப்போதுதான் கோமதிநாயகம் வந்தார். பட்டாசு ஆலைகளுக்கெல்லாம் பாதுகாப்பு பார்க்கிற அண்ணாச்சி. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் நனைத்த துண்டு, சிரிப்பே இல்லாத முகம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பது பொய், ஒரு காலத்தில் பார்த்திருக்கிறார்கள். அவருக்கு ஒரு தம்பி இருந்தான், வெடிமருந்து கலக்குகிற அறையில் வேலை. பேசக் கூடாத அந்த அறைக்குள் ஒரு நாள் அவன் ஒரு ஜோக் சொன்னான். எதிரில் இருந்தவன் சிரித்தான், சிரித்ததில் கை ஆடியது, தட்டு விழுந்தது. கோமதிநாயகம் அப்போது வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். அவர் காதில் விழுந்தது பாதிதான். "ஒரு ஒட்டகம் சட்டை தைக்க டெய்லர்கிட்ட போச்சாம். அளவெல்லாம் எடுத்துட்டு, 'முதுகுல இது என்ன?'ன்னு டெய்லர் கேட்டானாம். அதுக்கு அந்த ஒட்டகம்..." அதோடு சரி. அந்த ஒட்டகம் என்ன சொன்னதென்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அவரிடம் போய்க் கேட்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

அவர் பச்சையப்பனை ஒரு பார்வை பார்த்தார், ஊரை ஒரு பார்வை பார்த்தார், "இனிமே இந்த ஊருக்குள்ள யாரும் சிரிப்பு மூட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. 'தீப்பெட்டி, பீடி கொண்டுவராதீர்' என்ற போர்டுக்குக் கீழே 'ஜோக் கொண்டுவராதீர்' என்று எழுதினார்கள். ஆலை வாசலில் மடியைத் தடவிப் பார்க்கிற வாட்ச்மேன், "உள்ள எதுவும் வச்சிருக்கியா? வாயத் தொற" என்று வாயையும் பார்த்தான். சலூனில் முடி வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிக் கைகட்டி நின்றார்கள். மச்சினன் மச்சானைக் கேலி பண்ணாமல் 'தாங்கள்' போட்டுப் பேசினான். வெளியூர் பஸ் ஊர் எல்லையில் நின்று, கண்டக்டர் தன்னிடம் இருக்கிற ஜோக்கையெல்லாம் வேலிக்கருவேல மரத்தடியில் கொட்டின பிறகுதான் உள்ளே வந்தது. ராத்திரி காமெடி நாடகத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார்கள், பார்க்கும்போது வாயில் தலையணையின் ஒரு மூலையைக் கவ்விக்கொண்டார்கள், இதனால் ஊரில் ஒரு தலையணைக்கும் நாலு மூலை இல்லாமல் போயிற்று.

பச்சையப்பன் மெலிந்தான். முதலில் மஞ்சள் போயிற்று, அப்புறம் சிவப்பு, கடைசியில் கறுப்புக் கோடாக மட்டும் முற்றத்தில் சுருண்டு கிடந்தான், வெயில் அவன் வழியாகவே தரையில் விழுந்தது.

தவசியப்பன் இதற்கிடையில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு பிரதியில் முடிவு இல்லை, முடிவைச் சேர்த்துத் தைத்துவிட்டால் கதை முடிந்தது. நல்ல தாளில் அச்சான நாலாவது பாரம் ஒன்றை எடுத்து அந்தப் பிரதியில் தைத்துப் பார்த்தார். பச்சையப்பன் ஒரு தும்மல் போட்டான், அவனுக்கு அரை விரல் தள்ளிக் காற்றில் ஒரு கீறல் விழுந்தது, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. வண்ணம் விலகின டிராகனை, வண்ணம் விலகின வாளால்தான் குத்த முடியும். அப்படி மிச்சமிருந்த ஒரே பாரம் புஷ்பக்கனி வீட்டில் இருந்தது.

அவள் வீட்டுக்குக் கோமதிநாயகமே வந்தார். டிவியில் ஓர் ஆள் சத்தமில்லாமல் ஏணியில் இருந்து விழுந்துகொண்டிருந்தான். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் பாரத்தக் குடு தாயி."

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும். இளவரசன் குத்திக் கொல்லுறான். மொதலாளி சொன்னாரு."

"எதுக்குக் கொல்லுறான்னு சொன்னாரா?"

"எதுக்கு?"

"பக்கம் தீந்துபோச்சு. அதான். கத நாலு பாரத்துக்குள்ள முடியணும்லா. வேற ஒரு குத்தமும் அது செய்யல."

கோமதிநாயகம் துண்டை ஒரு தோளில் இருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "குத்தம் செஞ்சவனா பாத்தா நெருப்பு புடிக்கும்? எந்தம்பி என்ன குத்தம் செஞ்சான்? சிரிக்க வச்சான். அவ்வளவுதான்."

புஷ்பக்கனி எழுந்து டிவியை அணைத்தாள். பிறகு அவருக்கு எட்டியும் எட்டாத குரலில் கேட்டாள். "ஊருக்குள்ளதான அண்ணாச்சி கூடாது? கண்மாய் சும்மாத்தான கெடக்கு?"

ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய் உண்டு. தண்ணீர் பார்த்து எவ்வளவோ காலம் ஆயிற்று, நடுவில் மட்டும் எருமை புரளுகிற ஒரு சேற்றுக்குழி, சுற்றிலும் வெடித்த மண். பற்றுவதற்கு அங்கே ஒரு துரும்பும் கிடையாது. கோமதிநாயகம் யோசித்தார். "ஆடிக் காத்து வரைக்கும் பாப்போம். காத்து அடிச்சு ஒரு பொறி ஊர்ப்பக்கம் பறந்தாலும், பாரத்த எங்கைல குடுத்துறணும். சத்தியம் பண்ணு." அவள் சத்தியம் பண்ணினாள்.

அன்றில் இருந்து அந்த ஊரில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பகலெல்லாம் வாய்க்கு வந்த கேலியை விழுங்கி, கன்னத்தில் அடக்கி, மடியில் முடிந்து வைத்துக்கொள்வார்கள். வேலை விட்டதும் குளித்துத் தலைசீவி, ஊரோடு கண்மாய்க்கு நடப்பார்கள். மச்சானைச் சொல்ல வேண்டியதை மச்சானிடம், மாமியாரைச் சொல்ல வேண்டியதை மாமியாரிடம், எல்லாம் பச்சையப்பன் முன்னால் வைத்துச் சொல்வார்கள். அவன் வானத்தைப் பார்த்துப் புள்ளி புள்ளியாகச் சிரிப்பான், பச்சை ஏறும், மஞ்சள் ஏறும். எல்லாரும் வயிறு காலியாகி, முகம் கழுவிவிட்ட மாதிரித் திரும்புவார்கள். கண்மாய்க்கரையில் ஒரு போர்டும் வைத்தார்கள், 'மிச்சமுள்ள ஜோக்கை இங்கேயே விட்டுச் செல்லவும்' என்று, கோவில் வாசலில் செருப்புக்கு வைப்பது மாதிரி. செண்பகம் வடைச்சட்டியை அங்கேயே தூக்கி வந்துவிட்டாள். பச்சையப்பன் தாடைக்குக் கீழே சட்டியை வைத்து, எண்ணெய் ஆறும்போதெல்லாம் ஒரு ஜோக் சொல்வாள். நல்ல ஜோக்குக்கு வடை மொறுமொறுவென்று வந்தது, சுமார் ஜோக்குக்கு உள்ளே மாவாக இருந்தது.

பச்சையப்பன் லேசுப்பட்ட ரசிகன் இல்லை. ஒரு தடவை கேட்டதை மறுபடி சொன்னால் கொட்டாவி விடுவான். தவசியப்பன் வெள்ளைவேட்டி கட்டிக்கொண்டு வந்து, கல்யாண மேடைகளில் தான் வழக்கமாகச் சொல்லுகிற ஜோக்கை ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். சொல்லி முடித்ததும் பச்சையப்பன் எழுந்து, எதிர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"இதுக்கு ரசனை பத்தாது" என்றார் தவசியப்பன்.

"முப்பத்தோராம் தேதி பிப்ரவரில வந்து சொல்லுங்க மொதலாளி, சிரிப்பான்" என்றாள் செண்பகம்.

ஜோக்குகள் தீர்ந்துபோன ஒரு சாயங்காலம், யாரும் கேட்காமலே புஷ்பக்கனி அவன் காதருகில் உட்கார்ந்தாள். தான் படித்த ஒரு மாயாஜாலக் கதையை, தான் படித்த வரிசையிலேயே சொன்னாள். ராஜகுமாரி முதலில் மீட்கப்பட்டாள், பிறகு கடத்தப்பட்டாள். மந்திரவாதி செத்த பிறகு, நடுவில் ரெண்டு பக்கம் தலைகீழாக நடந்து வந்து, வணக்கம் சொல்லி அறிமுகம் ஆனான். கடைசியில் எல்லாரும் சேர்ந்து, இந்தக் கதை எங்கே ஆரம்பிக்கப் போகிறதோ என்று பயந்து அழுதார்கள். ஊர் பேசாமல் இருந்தால்தான் அவள் குரல் கேட்கும், ஊர் மூச்சுவிடாமல் இருந்தது. பச்சையப்பன் புரண்டு புரண்டு சிரித்தான். வாலால் தரையை அடித்தான். அன்றைக்கு மட்டும் ஒரு பனை உசரம் வளர்ந்தான்.

ஆடி பிறந்தது. காற்றும் வந்தது, வழக்கம்போல மேற்கே இருந்து, கண்மாயைத் தாண்டி நேராக ஊரைப் பார்த்து. கோமதிநாயகமும் வந்து கரையில் நின்றார், ஒரு கையில் நனைத்த சாக்கு. தவசியப்பன் பிரதியும் ஊசியும் நூலுமாக அவருக்குப் பக்கத்தில் நின்றார். புஷ்பக்கனி அன்றைக்குக் கதை சொல்லவில்லை. யாருமே எதுவும் சொல்லவில்லை. ஆனால் பச்சையப்பன் முந்தின நாள் கேட்ட ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டு, தனக்குத்தானே ஒரு சின்னச் சிரிப்பு சிரித்துவிட்டான்.

ஒரே ஒரு புள்ளி. பட்டன் அளவு சிவப்புப் புள்ளி. காற்றில் ஏறி, ஊர்ப்பக்கமாக மிதந்தது.

கோமதிநாயகம் ஓடினார். அந்த வயசில், அந்த வெள்ளைச் சட்டையில், சாக்கைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, புள்ளியைப் பார்த்தபடி, தரையைப் பார்க்காமல் ஓடினார். புள்ளி இடப்பக்கம் போனால் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம், கடைசியில் ஒரு தாவு தாவி, சாக்கால் அதை அமுக்கிப் பிடித்துவிட்டார். பிடித்த இடம் சேற்றுக்குழி. அந்தக் கண்மாயிலேயே ஈரமான ஒரே இடம். சளக் என்று முழங்கால் போயிற்று, இடுப்பு போயிற்று, எருமை ஒன்று தலையைத் தூக்கி அவரைப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அத்தனை பேரும் துண்டை, முந்தானையை, பக்கத்து ஆளின் தோளைக் கவ்விக்கொண்டு, பச்சையப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் பார்த்துவிட்டான். அவன் கன்னம் ரெண்டும் லாரி ட்யூப் மாதிரி உப்பியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. காதோரம் மஞ்சள் கசிந்தது. இப்போது அவன் சிரித்தால், இந்தக் காற்றில், ஊர் முழுசும் ஒரே தீபாவளிதான்.

அவன் சிரிக்கவில்லை. உடம்பெல்லாம் குலுங்க, வாலைத் தன் வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டு, தலையைத் திருப்பி, எல்லாரும் தலையணையைக் கவ்வுவது மாதிரிக் கவ்விக்கொண்டு, அடக்கினான். அடக்கி, வெடித்த மண்ணில் ஒரு பிளவு பார்த்து, அதற்குள் மூக்கை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக, பூமிக்குள் சிரித்து முடித்தான். அவர்கள் காலடியில் தரை லேசாகச் சுட்டது. அவ்வளவுதான்.

கோமதிநாயகம் சேற்றில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடக்கத் தெரிஞ்சிருக்கே" என்றார். பிறகு யாரிடமும் இல்லாமல், "அந்த அறைக்குள்ள ஒருத்தனுக்கு இது தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து, அதை முடிக்கவில்லை.

ரெண்டு பேர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். படபடப்பு ஆறட்டும் என்று செண்பகம் ஒரு கிழிந்த தாளில் வடை வைத்து அவருக்கு நீட்டினாள், மற்றவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். அவர் தின்னாமல், புஷ்பக்கனியைப் பார்த்தார். "சத்தியம் சத்தியந்தான் தாயி. பொறி பறந்துருச்சு. பாரம் எங்க?"

தவசியப்பன் ஊசியில் நூலைக் கோத்தார்.

"ஒங்க கைலதான் அண்ணாச்சி இருக்கு" என்றாள் புஷ்பக்கனி. "எங்கைல குடுத்துறணும்னு சொன்னீங்க. குடுத்தாச்சு."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். வடைக்கு அடியில் இளவரசனின் ஒரு கால் தெரிந்தது. வாள் இருந்த இடம் எண்ணெயில் ஊறி, கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது. சுற்றிலும் பார்த்தார். குதிரை ஒருத்தர் கையில், கிரீடம் ஒருத்தர் கையில், 'ஆ!' என்ற எழுத்து மட்டும் தவசியப்பன் கையில், அதில் அவர் முக்கால் வடையைத் தின்று முடித்திருந்தார்.

"அடிப்பாவி" என்றார் தவசியப்பன். "முடிவ எங்களுக்கே தின்னக் குடுத்துட்டாளே."

கோமதிநாயகம் வடையைக் கடித்தார். நிதானமாக மென்றார். தின்று முடித்து, சேறும் எண்ணெயுமான விரல்களை இளவரசனின் மிச்சத்தில் துடைத்து, கசக்கி, சேற்றுக்குழியில் போட்டார். "காத்து அடங்குற வரைக்கும் அவன் மண்ணுக்குள்ளதான் சிரிக்கணும்" என்றார். "அத அவங்கிட்டச் சொல்லி வை." புஷ்பக்கனி தலையை ஆட்டினாள்.

கூட்டம் கலைந்தது. போர்டு பக்கத்தில் மிச்ச ஜோக்குகளை உதறிவிட்டு, செண்பகம் சட்டியைத் தலையில் தூக்கி, தவசியப்பன் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு, எல்லாரும் ஊரைப் பார்த்து நடந்தார்கள். பாதி வழியில் புஷ்பக்கனிக்குத் தூக்குவாளியை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனாள். போனவள் மடைச்சுவருக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

தரையில் தலை சாய்த்திருந்த பச்சையப்பன் முன்னால் கோமதிநாயகம் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சேறு காய்ந்து சட்டை விறைத்திருந்தது. ஒரு தடவை சுற்றும் முற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு ஒட்டகம்" என்றார். "சட்டை தைக்க டெய்லர்கிட்ட போச்சாம்."

பச்சையப்பன் காதைத் தூக்கினான்.

"அளவெல்லாம் எடுத்துட்டு, 'முதுகுல இது என்ன?'ன்னு டெய்லர் கேட்டானாம். அதுக்கு அந்த ஒட்டகம்..."

அங்கே நிறுத்தினார். பிறகு குனிந்து, டிராகனின் காதுக்குள் வாயை வைத்து, ஒட்டகம் என்ன சொன்னதென்று சொன்னார். இத்தனை வருஷத்தில் தானே யோசித்து வைத்திருந்தாரோ, அப்போதுதான் தோன்றியதோ, புஷ்பக்கனிக்குக் கேட்கவில்லை. அவளுடைய குரலை விடச் சின்னக் குரலாக இருந்தது அது.

பச்சையப்பன் சடக்கென்று மூக்கை மண்ணுக்குள் விட்டான். கண்மாயில் இருந்த வெடிப்பெல்லாம் ஒரு கோடி தொட்டு மறுகோடி வரைக்கும் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிர்ந்தன. தரை குலுங்கியது. எருமை எழுந்து நின்றது. புஷ்பக்கனி முந்தானை மூலையைத் தேடிக் கவ்விக்கொண்டாள்.

கோமதிநாயகம் எழுந்து வேட்டியைத் தட்டினார். கரையேறும்போது அவர் தோள் ரெண்டும் ஆடிக்கொண்டிருந்தன, முதுகு மட்டும்தான் தெரிந்தது. போர்டு பக்கத்தில் வந்ததும் நின்றார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். சட்டைப்பையைத் தடவினார், மடியைத் தடவினார், வாயை ஒரு தடவை திறந்து மூடினார். ஒன்றும் மிச்சமில்லை என்று நிச்சயமான பிறகு, விறைத்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஊரைப் பார்த்து நடந்து போனார்.